பேக்கப் எடுக்கிறவருக்கு அழிக்கிற உரிமை எதுக்கு?

(டிஸ்கி: இது பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவு. ஆனா ஆபீஸ்ல "காமன் ஃபோல்டர்"னு ஒண்ணுல தினமும் வேலையைச் சேமிச்சு வைக்கிறவங்களும் படிக்கலாம். உங்க ஃபைலைப் பத்தித்தான் பேசப்போறேன்.)

சிஸ்டம் அட்மின் நாலு பேர் ஒண்ணு சேர்ந்தா பேக்கப் பேச்சு வராம இருக்காது. எந்த மென்பொருள், டேப்பா டிஸ்க்கா, எத்தனை டெராபைட், ராத்திரி எத்தனை மணிக்கு ஓடுது... எல்லாம் பேசுவாங்க. ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேக்கறதில்லை. அந்த பேக்கப் யாரோட அதிகாரத்துல ஓடுது? கேட்டா "ரூட்லதான், வேற எதுல?"ன்னு பதில் வரும். விண்டோஸ்காரங்களா இருந்தா "டொமைன் அட்மின்". சொல்லிட்டு காபியைக் குடிக்கப் போயிடுவாங்க.

அது தப்புங்கிறது என் கட்சி. பேக்கப் எடுக்கிற கணக்குக்கு எல்லாத்தையும் படிக்கிற உரிமை வேணும். எதையும் அழிக்கிற உரிமை வேண்டவே வேண்டாம். ரெண்டும் வேற வேற உரிமை. நாமதான் சோம்பேறித்தனத்துல ரெண்டையும் ஒரே சாவில மாட்டி வச்சிருக்கோம். கோயில் நகைக்குக் கணக்கு எழுதறவர்கிட்டயே உண்டியல் சாவியையும் கொடுக்கிற மாதிரி.

சும்மா பயமுறுத்தறேன்னு நினைக்க வேண்டாம். 2021 டிசம்பர்ல ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகத்துல நடந்தது இதுதான். அங்க சூப்பர் கம்ப்யூட்டரோட பெரிய சேமிப்பு லஸ்டர்ங்கிற பகிர்வு ஃபைல் சிஸ்டத்துல இருந்துச்சு. பேக்கப் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்டோட சின்ன வேலைகள்ல ஒண்ணு, 10 நாளுக்கு மேல ஆன தன்னோட பழைய லாக் ஃபைல்களைத் துடைச்சுப் போடறது. சிஸ்டத்தைக் கொடுத்த ஹியூலெட் பக்கார்ட் எண்டர்பிரைஸோட ஜப்பான் நிறுவனம் அந்த ஸ்கிரிப்டைக் கொஞ்சம் தெளிவாக்கி மாத்தி எழுதிச்சு. மாத்தினதை, பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அதே ஃபைல் மேல எழுதிட்டாங்க.

இங்கதான் பாஷ் ஷெல்லோட ஒரு குணத்தைத் தெரிஞ்சுக்கணும். அது ஸ்கிரிப்டை முழுசா மனப்பாடம் பண்ணிட்டு ஓட்டாது. கொஞ்சம் படிக்கும், ஓட்டும், அப்புறம் விட்ட இடத்துலேருந்து படிக்கும். நடுவுல ஃபைலை மாத்தினா, பழைய கதையில பாதி, புதுக் கதையில பாதின்னு படிக்கும். அப்படிப் படிச்சதுல டைரக்டரி பேரை வச்சிருக்க வேண்டிய வேரியபிள் காலியா இருந்துச்சு. லாக் டைரக்டரில பழசைத் தேடி அழிக்க வேண்டிய கட்டளை, ஆராய்ச்சியாளர்களோட தரவு இருந்த இடத்துல இறங்கி அழிக்க ஆரம்பிச்சது. டிசம்பர் 14 சாயந்திரத்துலேருந்து 16 மதியம் வரைக்கும். போனது சுமார் 77 டெராபைட், 3.4 கோடி ஃபைல். பாதிக்கப்பட்டது 14 ஆராய்ச்சிக் குழுக்கள். அதுல 4 குழுக்களோட தரவை பேக்கப்லேருந்தும் மீட்க முடியலை. அந்த நிறுவனம் பொறுப்பு நூத்துக்கு நூறு எங்களோடதுன்னு எழுதிக் கொடுத்துச்சு. கௌரவமான காரியம்தான். ஆனா போன தரவு போனதுதானே.

இந்தக் கதையைக் கேட்டவங்க எல்லாரும் "ஓடற ஸ்கிரிப்டை மாத்தக் கூடாது", "காலி வேரியபிள் இருந்தா நிக்கச் சொல்லணும்"னு ரெண்டு பாடம் சொல்லுவாங்க. ரெண்டும் சரி. ஆனா எனக்குப் பட்டது மூணாவது. பேக்கப் ஸ்கிரிப்டுக்கு அந்தத் தரவுல என்ன வேலை? படிக்கிற வேலை. அவ்வளவுதான். அது அழிக்க வேண்டியது தன்னோட லாக்கை மட்டும். அந்த ஸ்கிரிப்ட் ஓடின இடத்துல தரவு "படிக்க மட்டும்"னு மவுண்ட் ஆகியிருந்தா, அதே பிழையோட, அதே காலி வேரியபிளோட ஓடியிருந்தாலும் ஒரு ஃபைல்கூட போயிருக்காது. திரையில பிழைச்செய்தி வரிசையா ஓடியிருக்கும். யாராவது திட்டு வாங்கியிருப்பாங்க. முடிஞ்சது கதை.

மனுஷன் பிழை பண்ணாம இருக்கணும்னு சட்டம் போட முடியாது. பிழை பண்ணினா எவ்வளவு தூரம் போகும்னு எல்லை போட முடியும்.

சரி, ஏன் எல்லாரும் ரூட்ல ஓட்டறாங்க? காரணம் இல்லாம இல்லை. என்.எஃப்.எஸ். எடுத்துக்கங்க. 1980கள்ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கினது, இன்னிக்கும் லினக்ஸ் உலகத்துல ஓடிக்கிட்டுதான் இருக்கு. அதுல "ரூட் ஸ்குவாஷ்"னு ஒரு ஏற்பாடு உண்டு. இன்னொரு பொட்டியிலேருந்து ரூட்டா வர்றவரை சர்வர் ரூட்டா மதிக்காது, "நோபடி"ன்னு ஒரு அனாதைக் கணக்கா மாத்திடும். உன் வீட்ல நீ ராஜா, என் வீட்ல நீ யாரோன்னு அர்த்தம். நல்ல ஏற்பாடு. லினக்ஸ்ல நீங்க ஒண்ணும் சொல்லாம விட்டாலே அதுதான் அமலுக்கு வரும்.

ஆனா பேக்கப் பொட்டி ரூட்டா வந்து ஃபைலை எடுக்கப் போனா, தனக்கு மட்டும்னு பூட்டி வச்சிருக்கிறவங்க ஃபைல் எல்லாம் "அனுமதி இல்லை"ன்னு திரும்பும். அட்மின் என்ன பண்ணுவார்? கூகிள்ல தேடுவார். "நோ ரூட் ஸ்குவாஷ் போடு, சரியாயிடும்"னு முதல் பதில்லயே இருக்கும். போடுவார். சரியாயிடும். பேக்கப் ஓடும். பாதி பேர் அதை பேக்கப் பொட்டிக்கு மட்டும் போடாம நட்சத்திரக் குறி வச்சு ஊருக்கே போட்டுடுவாங்க. அப்புறம் அந்த நெட்வொர்க்ல ரூட் பாஸ்வேர்ட் வச்சிருக்கிற எந்த லேப்டாப்பும் சர்வர்ல இருக்கிற எல்லாத்தையும் அழிக்கலாம், திருத்தலாம்.

இதுக்கு வழி பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லைங்க. எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல ஒவ்வொரு பொட்டிக்கும் தனித்தனியா விதி எழுதலாம். வேலை செய்யறவங்க பொட்டிக்கெல்லாம் படிக்க-எழுத, ரூட் ஸ்குவாஷோட. பேக்கப் பொட்டி ஒண்ணுக்கு மட்டும் நோ ரூட் ஸ்குவாஷ், ஆனா கூடவே "படிக்க மட்டும்". அவ்வளவுதான். எல்லாத்தையும் படிக்கும், ஒரு பைட்டைக்கூட தொடாது. ஒரே வரி. சர்வர் பொட்டியிலேயே பேக்கப் ஓட்டறவங்களா இருந்தா, லினக்ஸ்ல ரூட்டோட அதிகாரத்தைத் துண்டு துண்டா பிரிச்சுக் கொடுக்கிற வசதி இருக்கு. அதுல "எந்த ஃபைலையும் படி, எந்த டைரக்டரியிலும் தேடு"ங்கிற துண்டை மட்டும் ஒரு சாதாரணக் கணக்கோட பேக்கப் நிரலுக்குக் கொடுத்தா போதும். விண்டோஸ்லயும் "பேக்கப் எடுக்கும் உரிமை", "திரும்ப வைக்கும் உரிமை"ன்னு ரெண்டும் தனித்தனிதான். பேக்கப் ஆபரேட்டர்ஸ் குழுவில சேர்த்துவிட்டா ரெண்டும் சேர்ந்து வந்துடும், அதனால நாம பிரிச்சே பாக்கறதில்லை.

ஒரு எச்சரிக்கை. ரூட் ஸ்குவாஷ் இருக்கு, நாம பத்திரம்னு நினைச்சுடாதீங்க. என்.எஃப்.எஸ். பழைய முறையில ஓடும்போது, வர்ற பொட்டி "நான் 1001-ஆம் நம்பர் ஆள்"னு சொன்னா சர்வர் அப்படியே நம்பும். அடையாள அட்டை எல்லாம் கேக்காது. ரூட் ஸ்குவாஷ் தடுக்கிறது பூஜ்யம் நம்பரை மட்டும். தன் பொட்டியில ரூட்டா இருக்கிற எவரும் 1001-ஆ வேஷம் போட்டு உங்க ஃபைலைத் திறக்கலாம். இதைத் தடுக்கணும்னா கெர்பரோஸ் போடணும். அதைப் போட சோம்பல்பட்டா, யார் லேப்டாப் அந்த நெட்வொர்க்ல செருகலாம்ங்கிறதையாவது கட்டுப்படுத்தணும்.

இதையெல்லாம் ஆரம்பத்துலேயே யோசிச்சுக் கட்டின ஃபைல் சிஸ்டம் ஒண்ணு உண்டு. ஏ.எஃப்.எஸ். 1980கள்ல கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து பண்ணினது. அதுல உங்க பொட்டியோட ரூட்டுக்கு ஒரு தனி மரியாதையும் கிடையாது. டோக்கன் இருந்தா உள்ள, இல்லைன்னா வெளிய. நிர்வாகிகளுக்குன்னு ஒரு குழு இருக்கும். அந்தக் குழுவில இருக்கிறவங்களுக்கும் எந்த டைரக்டரியோட அனுமதிப் பட்டியலையும் மாத்தற உரிமை உண்டு, ஆனா உள்ள இருக்கிற ஃபைலைப் படிக்கிற உரிமை தானா வராது. படிக்கணும்னா முதல்ல பட்டியல்ல தன் பேரை எழுதிக்கணும். திருட்டுத்தனமா எட்டிப் பாக்கறதுக்கும், கதவுல பேரெழுதிட்டு உள்ள போறதுக்கும் வித்தியாசம் இருக்கில்லையா? (சர்வர் பொட்டியோட ரூட்டுக்கு மொத்தச் சாவியும் கிடைக்கும். அது எந்த சிஸ்டத்துலயும் தவிர்க்க முடியாதது.)

ஏ.எஃப்.எஸ்.ல எனக்குப் பிடிச்ச இன்னொண்ணு, ராத்திரி ஒவ்வொரு வால்யூமுக்கும் ஒரு நகல் எடுத்து, அதைப் பயனாளரோட வீட்டு டைரக்டரியிலேயே "ஓல்டு ஃபைல்ஸ்"னு தொங்க விடற வழக்கம். காலையில தப்பா அழிச்சுட்டீங்களா? நேத்து ராத்திரி நிலவரம் அங்க இருக்கும், நீங்களே எடுத்துக்கலாம். அட்மின்கிட்ட கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டாம். இன்னிக்கு நெட்ஆப், இசட்.எஃப்.எஸ். ஸ்னாப்ஷாட்டெல்லாம் பண்றதும் இதைத்தான். பயனாளருக்கு அது படிக்க மட்டும். அட்மின்கிட்ட வர்ற "சார், ஒரு ஃபைல் போயிடுச்சு" புலம்பல் பாதி இதுலேயே தீரும்.

ஆனா ஸ்னாப்ஷாட்டை பேக்கப்னு சொன்னா நான் சண்டைக்கு வருவேன் :-). அந்த நகல் இருக்கிறது அதே பொட்டியில, அதே டிஸ்க்ல. பொட்டி எரிஞ்சா ரெண்டும் சேர்ந்து எரியும்.

எரியுமான்னு கேக்கறீங்களா? 2025 செப்டம்பர் 26, தென்கொரியாவுல டேஜோன் நகரத்துல அரசாங்கத் தகவல் மையத்துல லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சது. அங்க ஜி-டிரைவ்னு ஒண்ணு. அரசு ஊழியர்கள் ஆளுக்கு 30 ஜி.பி. அளவுல வேலை ஃபைல்களைப் போட்டு வைக்கிற பொது டிரைவ். சில துறைகள்ல எல்லாத்தையும் அங்கதான் வைக்கணும்னே விதி. 858 டெராபைட் சாம்பலாச்சு. வெளிய பேக்கப் இல்லை. ஏன்னு கேட்டதுக்கு, அளவு ரொம்பப் பெருசு, அதனால எடுக்க முடியலைன்னு பதில். பேக்கப் எடுக்க முடியாத அளவுக்குப் பெரிய டிரைவைக் கட்டி, எல்லாரும் இதுலதான் வைக்கணும்னு சொல்றது எந்த ஊர் நியாயம்? சேமிக்க இடம் ஒதுக்கற அன்னிக்கே நகலுக்கும் காசு ஒதுக்கணும். இல்லைன்னா ஊழியர்கிட்ட "இது பத்திரம் இல்லை, நீயே ஒரு நகல் வச்சுக்கோ"ன்னு வெளிப்படையா சொல்லணும்.

இன்னொரு மயக்கம், "எங்க சர்வர் நாலு இடத்துல ஒண்ணை ஒண்ணு பாத்து சமன் பண்ணிக்கும், அதனால பேக்கப் வேண்டாம்". 2017 ஜூன் 27 அன்னிக்கு மேர்ஸ்க் கப்பல் கம்பெனிக்கு நாட்பெட்யா வைரஸ் வந்துச்சு. உலகம் பூராவும் அவங்களோட டொமைன் கன்ட்ரோலர் சுமார் 150. ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னுதான் ஏற்பாடு. எல்லாம் ஒண்ணா போகும்னு யாரும் நினைக்கலை. கடைசியில தப்பிச்சது ஒண்ணே ஒண்ணு, ஆப்பிரிக்காவுல கானா ஆபீஸ்ல இருந்தது. அது தப்பிச்சதுக்குக் காரணம் எந்த நிபுணரும் இல்லை. அந்த நேரம் பார்த்து அங்க கரண்ட் கட்! மின்வெட்டைக் கும்பிட்ட ஒரே கம்பெனி அதாத்தான் இருக்கும். சமன் பண்றது நல்லதையும் பரப்பும், கெட்டதையும் பரப்பும். நாலு நாள் முன்னாடி நிலவரத்துக்குத் திரும்பிப் போக முடிஞ்சாதான் அது பேக்கப்.

கானா கதையோட உண்மையான பாடம், தொடர்பு அறுந்த நகல் ஒண்ணு வேணும்ங்கிறது. அது தற்செயலா அறுந்தது. நாம திட்டம் போட்டு அறுக்கணும். அதுக்கு முதல் படி, ஃபைல் சர்வர் போய் பேக்கப் பொட்டியில தள்ளக் கூடாது. பேக்கப் பொட்டி வந்து இழுத்துட்டுப் போகணும். தள்ளற முறையில, பேக்கப் பொட்டியோட பாஸ்வேர்ட் ஃபைல் சர்வர்ல இருக்கும். சர்வரைப் பிடிச்சவன் அதையும் பிடிப்பான், பேக்கப்பை முதல்ல அழிப்பான், அப்புறம்தான் பணம் கேப்பான். இழுக்கற முறையில, பேக்கப் பொட்டி எங்க இருக்குன்னே சர்வருக்குத் தெரிய வேண்டாம். தள்ளித்தான் ஆகணும்னா "சேர்க்க மட்டும், அழிக்க முடியாது"ங்கிற முறை இருக்கிற மென்பொருளா பாத்து எடுங்க. அமேசான் எஸ்3-ல ஆப்ஜெக்ட் லாக் இருக்கு, அதைக் கண்டிப்பான நிலையில வச்சா, குறிச்ச நாள் வரைக்கும் கணக்கோட சொந்தக்காரராலயே அழிக்க முடியாது.

இழுக்கற பொட்டிக்கு எல்லாத்தையும் படிக்கிற உரிமை இருக்கே, அதைப் பிடிச்சா? நியாயமான கேள்வி. சம்பளப் பட்டியல்லேருந்து முதலாளியோட மெயில் வரைக்கும் அதுல இருக்கும். அதனால அதுல யாரும் லாகின் பண்ணி பிரவுசர் திறக்கக் கூடாது, வேற எந்த சர்வீசும் ஓடக் கூடாது, நகல் குறியாக்கம் பண்ணித்தான் இருக்கணும்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு சரி. எங்க ஆபீஸ்ல பத்து பேரு. நான்தான் அட்மின், நான்தான் பிரிண்டர் ரிப்பேரு, நான்தான் ஏசி ரிமோட்டுக்கு பேட்டரி போடறவன். எதைப் பிரிக்கிறது?"ன்னு ஒருத்தர் கேப்பார். கேக்கணும். ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி டேட்டா இருக்கிற ஷேர், ஸ்டூடியோவுல கல்யாண ஃபோட்டோ இருக்கிற ஷேர், இதெல்லாம் இப்படித்தான் ஓடுது. அங்க போனா போனதுதான். ஒரு கல்யாணத்தை ரெண்டாவது தடவை நடத்தி ஃபோட்டோ எடுக்க முடியாது.

ஆள் ஒருத்தரா இருந்தாலும் கணக்கு ரெண்டா இருக்கலாம். தினசரி வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு. அட்மின் வேலைக்கு வேற கணக்கு, வேற பாஸ்வேர்ட், வேலை முடிஞ்சதும் வெளிய வந்துடணும். பேக்கப்புக்குப் படிக்க மட்டும் மூணாவது கணக்கு. ரெண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. ஒண்ணு செருகி இருக்கும்போது இன்னொண்ணு முதலாளியோட பீரோவுல. வாரம் ஒரு தடவை மாத்துங்க. அட்மின் கையில இல்லாத நகல் ஒண்ணு இருக்கணும், அதான் முக்கியம்.

"என்னை நம்பலையா?"ன்னு அட்மின்களுக்குக் கோவம் வரும். நான் நேர் எதிரா சொல்வேன். இது அட்மினுக்குத்தான் முதல் பாதுகாப்பு. எல்லாத்தையும் அழிக்கிற சக்தி உங்க ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா, எது காணாம போனாலும் முதல்ல உங்க மூஞ்சியைத்தான் பாப்பாங்க. சக்தி இல்லைன்னா சந்தேகமும் இல்லை. 2008-ல சான் பிரான்சிஸ்கோ நகராட்சியில நெட்வொர்க் பாஸ்வேர்டெல்லாம் ஒரே இன்ஜினியர்கிட்ட இருந்துச்சு. தகுதி இல்லாதவங்ககிட்ட கொடுக்க மாட்டேன்னார். ஜெயிலுக்குப் போனார். கடைசியில மேயர் நேர்ல வந்தப்பதான் கொடுத்தார். 2010-ல தண்டனையும் ஆச்சு. அவர் பண்ணினது சரியா தப்பான்னு வாதாடலாம். ஆனா அந்தச் சாவியை ஒருத்தர் கையில மட்டும் விட்டு வச்ச நிர்வாகத்தை யாரும் கூண்டுல ஏத்தலை. பாஸ்வேர்டை ஒரு கவர்ல போட்டு, ஒட்டி, கையெழுத்துப் போட்டு, முதலாளி லாக்கர்ல வைக்கச் சொல்லுங்க. கவர் கிழிஞ்சா தெரியும். காகிதச் செலவுதான்.

கடைசியா ஒண்ணு. பேக்கப் ஓடுதுன்னு மெயில் வருதுங்கிறது பேக்கப் இருக்குன்னு அர்த்தம் இல்லை. 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப்ல ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் டைரக்டரியை அழிச்சப்போ, பேக்கப் முறை ஐந்து இருந்தும் உருப்படியா ஒண்ணும் உதவலை. பேக்கப் தோத்துப் போச்சுன்னு சொல்ற மெயில்களும் வந்து சேராம நிராகரிக்கப்பட்டிருக்கு. வேற வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் எடுத்து வச்ச நகல்தான் கை கொடுத்துச்சு. இதை அவங்களே ஒளிக்காம எழுதி வெளியிட்டாங்க, அதுக்காகவே ஒரு சல்யூட். மாசம் ஒரு தடவை ஏதாவது ஒரு ஃபோல்டரை பேக்கப்லேருந்து எடுத்து வேற இடத்துல வச்சு, அந்த ஃபைல் யாருடையதோ அவரைக் கூப்பிட்டு திறந்து பாக்கச் சொல்லுங்க. பழைய இடத்து மேலயே கொட்டாதீங்க.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க மக்களே. உங்க பேக்கப் கணக்குல லாகின் பண்ணி, ஷேர்ல ஒரு சோதனை ஃபைலை வச்சு, அதை அழிக்க முயற்சி பண்ணுங்க. அழிஞ்சுடுச்சுன்னா, மத்த ஆணியை அப்புறம் புடுங்கலாம். முதல்ல இதைச் சரி பண்ணுங்க.